ராத்திரி பஸ்காரர் செய்த கட்டில்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருவர் படுக்கும் கட்டிலின் விரிப்பை மடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, எதிரெதிராக நடந்து வந்து, விளிம்பைக் கைமாற்றி, மறுபடி பின்னால் போக வேண்டும். மடிப்பக்காவுக்கு எதிர்முனை பிடிக்க வருகிற புதுப் பெண்கள் முதல் வாரத்திலேயே கண்ணைக் கசக்குவார்கள். ஓரம் ஒரு விரல் விலகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வாள். திட்டமாட்டாள், கிண்டல்தான் செய்வாள். அதற்குத் திட்டு வாங்குவதே தேவலை என்று இருக்கும்.

இப்படி நாள் முழுக்க யார் யாரோ ஜோடியாகப் படுத்து எழுந்த விரிப்புகளை மடித்து அடுக்கியவளின் வீட்டில் இருந்தது ஓர் ஒற்றை இரும்புக் கட்டில். பகலில் அதில் அவள் புருஷன் தூங்குவார். ராத்திரி அவள் தூங்குவாள். அவர் எழுந்து போன பள்ளத்தில் அவள் படுப்பாள், அவள் எழுந்து போன பள்ளத்தில் அவர் படுப்பார். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கட்டில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்றால், எப்படிக் குடித்தனம் நடத்தியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புருஷன் பஸ் டிரைவர். தெருவில் அவருக்கு ராத்திரி பஸ்காரர் என்று பெயர். ஊர் அடங்கிய பிறகு ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ் அவருடையது. மகள் பிறந்தபோது வந்த ஏற்பாடு இது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது, இரண்டு பேரும் வேலைக்குப் போயாக வேண்டும். அவள் பகல், அவர் ராத்திரி என்று பிரித்துக்கொண்டார்கள். பிள்ளை ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை. மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகாவது அவர் பகல் டூட்டி கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கேளுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. அவளுக்கு இது பழகிவிட்டது, எதற்குக் கலைப்பது என்று அவர் நினைத்தார். அவருக்கு இது பழகிவிட்டது, எதற்குக் கலைப்பது என்று அவள் நினைத்தாள். இந்த மாதிரி ஆட்களைத் தோளைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றும்.

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் வாசலில்தான். காலையில் அவர் படியேறி வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவள் வரும்போது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு சாவி கைமாறுகிற நேரம்தான் அவர்களுடைய தாம்பத்தியம். அதில் கொஞ்சிக் குலாவவா முடியும்? கிண்டலடித்துக்கொள்வார்கள். "பஸ் சக்கரத்தோடதான் வந்து சேந்துச்சா, இல்ல வழியில எங்கயாவது கழட்டி விட்டுட்டீங்களா?" என்பாள் அவள். நீ போகாவிட்டால் அந்த ஓட்டலை இழுத்து மூடிவிடுவார்கள், ஓடு ஓடு என்பார் அவர். உடம்புக்கு முடியவில்லை என்றாலும் சரி, மகளைப் பற்றிக் கவலை என்றாலும் சரி, ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தாலும் சரி, எல்லாம் அந்த ஒரே வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நாளாக ஆக, வேறு விதமாகப் பேசவே இருவருக்கும் வராமல் போய்விட்டது.

அப்புறம் நோய் வந்தது, ஊரடங்கு வந்தது. ஓட்டலில் தங்க ஆளில்லை என்று சலவைக்கூடத்தைப் பூட்டினார்கள். பஸ்களை எல்லாம் டிப்போவில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டில், முழு நாளும் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

முதல் கொஞ்ச நாள் அவர்களுக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை. அவள் பெருக்க வந்தால் அவர் காலைத் தூக்க வேண்டும், அவர் தண்ணீர் குடிக்கப் போனால் அவள் நகர வேண்டும். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் வராது, சமையலறையில் ரேடியோவைத் தணித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகலில் சாப்பிட்ட கையோடு சாமியாடுவது போலத் தலை ஆடும். தன் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருக்கிறாரே, இவர் எத்தனை கிளாஸ் டீ குடிப்பார், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவார் என்றெல்லாம் தனக்குத் தெரியாதே என்று அவளுக்கு ஒரு நாள் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இதைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

சும்மா இருக்கத் தெரியாத கை அவருடையது. முதலில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தார். அது உருப்படியான வேலை. பிறகு தரையில் உரசிய குளியலறைக் கதவைக் கழற்றி அடியில் சீவி மாட்டினார், அதுவும் சரி. அந்த இரண்டு வெற்றியும் தலைக்கேறிவிட்டது. சமையலறையில் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார், தன் உயரத்துக்கு. அதிலிருந்து உப்பு எடுக்க அவள் முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. அப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பினார். ஓடுகிறதை எதற்குப் பிரித்தீர்கள் என்று கேட்டதற்கு, சத்தம் வேறு மாதிரி இருந்தது என்றார். மறுபடி மூட்டியபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது, ஃபேனும்தான். அந்தக் கோடை முழுக்க அவள் அட்டையால் விசிறிக்கொண்டு, விசிறும்போதெல்லாம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வார்.

கட்டில் யோசனை ஒரு விபத்தில் வந்தது. ராத்திரியில் கட்டில் அவளுக்கு, கீழே பாய் அவருக்கு என்று வைத்திருந்தார்கள். ஒரு நாள் விடிகாலையில் அரைத் தூக்கத்தில் இறங்கியவள் நேராக அவருடைய வலது கையின் மேல் காலை வைத்துவிட்டாள். கை வீங்கிப்போயிற்று. அவள் பதறிப்போய்த் தைலம் தேய்த்தாள். வாய் மட்டும், இனிமேல் பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல், வீங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டில் ஒண்ணு செஞ்சிடலாம். பெருசா."

"எதுக்கு? இங்க இடமா கொட்டிக் கிடக்கு?" என்றாள். ஆனால் அவளுக்குக் காது மடல் சுட்டது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இது என்ன என்று தைலப் புட்டியை மூடும் சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

கடை எதுவும் திறக்கவில்லை, மரம் வாங்க வழியில்லை. மொட்டை மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் எப்போதோ கழற்றிப் போட்ட பழைய கதவுகள் இரண்டு சாய்ந்து கிடந்தன. போன் போட்டுக் கேட்டதற்கு, போன வருஷமே அதை எடைக்குப் போட இருந்தேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படி வழியாக இறக்கினார்கள். இறக்குகிறபோது அவர், ஒடி, ஒடி, நேரா விடு, பின்னால சுவர் பார்த்துக்கோ என்று பஸ்ஸுக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு வந்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்காமல் கதவை நடுப்படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தான் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீடு பட்டறையாகிவிட்டது. ரம்பத் தூள் சோற்றில் விழுந்தது. மேல்வீட்டு டீச்சர், பிள்ளைகளுக்கு போனில் பாடம் நடத்துகிறவர், முதல் நாளே இறங்கி வந்து படியில் நின்றபடி கும்பிட்டார். என் பிள்ளைகள் எல்லாம் வாய்ப்பாட்டை உங்கள் சுத்தியல் தாளத்துக்குத்தான் ஒப்பிக்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து டீச்சருக்கு இடைவேளை விடுகிற நேரத்தில் மட்டும் ஆணி அடிப்பது, மற்ற நேரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. பழைய பெஞ்சை அறுத்துக் கால்கள் செய்தார். அவர் பிடிவாதமாக இருந்தது ஒரே விஷயத்தில்தான். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இடம் மிச்சமாகும் என்று அவள் சொன்னாள். அவர் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இறங்க வழி வேண்டும், ஒருவரைத் தாண்டி ஒருவர் இறங்குகிற மாதிரி இருக்கக் கூடாது என்றார். அதனால் கட்டில் அறையின் நடுவில் நின்றது. துணி அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில் மேல் ஏறித்தான் திறக்க வேண்டும்.

ஒரு கால் கட்டையாகப் போய்விட்டது. அதற்கு அடியில் ஒரு மரச்சக்கை வைத்தார். படுக்கைப் பலகையில் அவர் பக்கம் தாழ்ப்பாள் பதிந்த தழும்பும் அவள் பக்கம் பூட்டுத் துளையும் அப்படியே இருந்தன. மேலே போட இருவர் விரிப்பு வீட்டில் ஏது? அவள் இரண்டு ஒற்றை விரிப்புகளை ஒட்டித் தைத்தாள். நட்ட நடுவில் தையல் ஓடியது. ஓட்டலில் இப்படி ஒன்று வந்திருந்தால் தூக்கிக் கடாசியிருப்பாள். தையலைக் காட்டி, இதுதான் எல்லை, தாண்டினால் அபராதம் என்று அவரிடம் சொன்னாள்.

அந்தக் கட்டிலில் படுக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது. தூக்கத்தில் அவர் பிரேக் பிடிப்பார் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது கால் திடீரென்று நீண்டு பலகையை அழுத்தும், உடம்பே ஒரு தரம் குலுங்கும். எத்தனை வருஷமாக இந்த மனிதர் இப்படிப் பகல் வெளிச்சத்தில் தனியாகப் பிரேக் பிடித்துக்கொண்டு தூங்கினாரோ என்று நினைத்தபோது அவளுக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று. தன் காலை நகர்த்தி அவருடைய பாதத்துக்குக் கீழே கொடுத்தாள். அவர் அழுத்தினார், அடங்கினார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். இதை அவரிடம் அவள் சொல்லவில்லை. காலில் நகம் வெட்டுங்கள், கீறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருந்தது. இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு அது தினமும் கிடைத்திருக்கும். அவளுக்குக் கிடைத்ததில்லை. விழித்ததும் எழுந்து ஓட வேண்டியதில்லை என்பதால் சும்மா படுத்துக்கொண்டே ஏதாவது பேசுவார்கள். மகள் சின்ன வயதில் செய்த குறும்புகளில் பாதி அவருக்குத் தெரியாது, பாதி அவளுக்குத் தெரியாது. இரண்டு பாதியையும் சேர்த்து முழுப் பிள்ளையையும் இப்போதுதான் பார்த்தார்கள். விரிப்பு துவைத்துக் காய்ந்ததும் அவரை எதிர்முனை பிடிக்கச் சொன்னாள். அவர் எப்போதும் தப்பான பக்கம் திரும்பி வந்து அவள் மூக்கில் இடித்தார். இத்தனை வருஷமாக ஸ்டியரிங் பிடித்த ஆளுக்கு இடது வலது தெரியவில்லையே என்று அவள் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்க வைத்தாள். சில நாள் சரியாக மடித்ததைக்கூடப் பிரித்துப் போட்டாள்.

சந்தோஷமாக இருந்தாள். அதுதான் உண்மை, அதுதான் அவளைக் குற்றவாளி போலவும் ஆக்கியது. டிவியில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி தன் அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு போனில் அழுதாள். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் வீட்டில் சிரிப்பு வருகிறதே என்று வெட்கமாக இருந்தது. ஊரடங்கை நீட்டித்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், இந்தக் கூத்து எப்போதுதான் முடியுமோ என்று சத்தமாக அலுத்துக்கொள்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்து போகும். முடிந்தால் அவர் ராத்திரி பஸ்ஸுக்குப் போய்விடுவார். மறுபடியும் ஆளுக்கொரு வேளை என்று ஆகிவிடும். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். நோயைப் பற்றிக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

அது நடந்தது ஒரு காலை வேளையில். அவர் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை செய்யத் தொடங்கி, தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிப்போவிலிருந்து போன் வந்ததை அவர் கொஞ்ச நேரம் சொல்லாமலே இருந்தார். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரி நர்சுகளை ராத்திரி ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர பஸ் ஓட வேண்டுமாம். ஆள் போதவில்லையாம்.

"அம்பது தாண்டினவங்க வரணும்னு கட்டாயம் இல்லையாம். விருப்பம் இருந்தா வரலாமாம்" என்றார். "என்ன சொல்லட்டும்?"

வேண்டாம் என்று அவளுக்கு நெஞ்சு முழுக்க நிறைந்து நின்றது. ஆனால் எப்படிச் சொல்வது? உலகத்தில் நர்சுகள் ராப்பகலாக உயிரைக் கொடுத்து வேலை செய்யும்போது, என் புருஷன் என் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும் என்றா சொல்வாள்? அப்படிச் சொல்ல அவளுக்கு எந்த வாய் இருந்தது? இத்தனை வருஷத்தில் பழகிய வாய் ஒன்றுதான் இருந்தது, அது தானாகத் திறந்துகொண்டது.

"போயிட்டு வாங்க. வீட்டுல இன்னும் எதப் பிரிச்சுப் போடணும்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க? எனக்கும் கொஞ்சம் காதுக்கு ஓய்வு கிடைக்கும்."

அவர் தேய்க்கிற கையை நிறுத்தியிருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று காயையே பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் சிரித்தார். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். சொல்லித் தொலைத்திருக்கலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, போகாதீர்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். யாரும் அவளைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

அவர் போனார். காலையில் திரும்பி வந்து வாசலிலேயே சட்டையைக் கழற்றி வெந்நீரில் போட்டு, குளித்து, சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். கட்டிலுக்கு வரவே இல்லை. எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், உனக்கு ஒட்டிவிடக் கூடாது, இது முடியட்டும் என்றார். பெரிய கட்டிலில் அவள் ஒரு பக்கமாகப் படுத்தாள். தையலைத் தாண்டவில்லை. சமையலறையில் அவர் கால் தரையை உதைக்கிற சத்தம் பகலில் கேட்கும். எழுந்து போகலாமா என்று நினைப்பாள், அவர் திட்டுவார் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

கொஞ்ச நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவரே நடந்துதான் இறங்கினார். குறுகிய சந்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் அந்த டிரைவர் திணறியதைப் பார்த்துவிட்டு, ஏறுவதற்கு முன்னால் நின்று, கையை ஆட்டி, வா வா, இன்னும் வா, இப்ப ஒடி என்று இரண்டு இருமலுக்கு நடுவில் வழி சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாடி ஜன்னலில் நின்றிருந்த அவளைப் பார்த்து, பலகையைத் தொடாதே, நான் வந்து மாட்டுகிறேன் என்பது போல் ஏதோ சைகை காட்டினார். அவள் சரி சரி என்று தலையை ஆட்டினாள். கூடப் போக அவளுக்கு அனுமதி இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று தரம் பேசினார். ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டுப் பேசியதால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. அங்கே கட்டில் எப்படி என்று அவள் கேட்டாள். ஒற்றைக் கட்டில், நாலு காலும் சமமாக இருக்கிறது, அதனால் தூக்கம் வரவில்லை என்றார். இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு இருமலாகி, ஒரு நர்ஸ் வந்து போனை வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து சேருங்கள், எனக்கு நீங்கள் வேண்டும் என்று அடுத்த தரம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தீர்மானமாக இருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்றுகூடச் சமையலறையில் நின்று முணுமுணுத்துப் பார்த்தாள். அடுத்த தரம் போன் வந்தபோது பேசியது டாக்டர்.

முகத்தைக் காட்டவில்லை. மூட்டை கட்டிய மாதிரி ஒன்றை வண்டியில் ஏற்றினார்கள், தூரத்தில் நின்று பார்க்கலாம் என்றார்கள், பார்த்தாள். மகளுக்கு வர வழியில்லை. பஸ்ஸும் ரயிலும் ஓடாத நேரம். போனில் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மா, நீ தனியாக இருக்கிறாயே என்று தேம்பித் தேம்பி அழுதாள். பிள்ளை ஒரு நாளும் தனியாக இருக்கக் கூடாது என்று அவர்கள் போட்ட ஏற்பாட்டில் வளர்ந்தவள் அவள். மகளைத் தேற்றி போனை வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, மேல்வீட்டு டீச்சர் படியில் வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டாள். விரிப்பைத் துவைத்தாள். காய்ந்ததை மடிக்க எதிர்முனைக்கு ஆளில்லாமல் ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி மடித்துப் பார்த்தாள், கோணலாக வந்தது. பிரித்துப் போடாமல் அப்படியே வைத்துவிட்டாள்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு நாள் மதியம், அவரோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் வந்தான். அவளைவிடச் சின்னவன், அவரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். டிப்போவில் அவருடைய பெட்டியில் கிடந்த துண்டையும் தண்ணீர் பாட்டிலையும், சீட்டில் போட்டு உட்காருகிற மெத்தையையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று வாசலிலேயே நின்றான். வெறுங்கையோடு போக மனசில்லாதவன் மாதிரி, ஆறுதலாக எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டு நின்றான். கடைசியில் சொன்னான்.

"அவர் டூட்டிக்கு வந்த அன்னிக்கு நானே கேட்டேன் அண்ணி. உங்களுக்குத்தான் கட்டாயம் இல்லையே, எதுக்கு வந்தீங்கன்னு. 'வீட்டுல கேட்டுப் பாத்தேன்டா, வேணாம்னு சொல்லுவாள்னு நினைச்சேன், சொல்லல. ரெண்டு மாசமா தட்டிக் கொட்டி அவளுக்கு நான் பெரிய தொந்தரவாயிட்டேன் போல. கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்'னு சிரிச்சாரு. எந்த நேரமும் உங்க நினைப்புதான் அண்ணி அவருக்கு."

அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "சத்தம் தாங்க முடியல."

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்கள் அண்ணி என்றான். வந்த காரியம் நல்லபடியாக முடிந்த நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு அறைக்கு வந்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாட்டாத தலைமாட்டுப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அன்று அவர் கையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தது எதற்கு என்று இப்போது புரிந்தது. அனுமதி கேட்டு அவர் காத்திருக்கவில்லை. தடுத்துவிடுவாள் என்று நம்பிக் காத்திருந்தார். அவரும் போக விரும்பவில்லை. அதைச் சொல்ல அவருக்கும் வேறு வாய் இல்லை. தொந்தரவு என்று நினைத்துக்கொண்டு போனார். தொந்தரவு என்று நினைத்துக்கொண்டே சமையலறைத் தரையில் படுத்தார், அதே நினைப்போடு அந்த நாலு காலும் சமமான கட்டிலில் கிடந்து செத்தும் போனார். இவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, மேல்வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்றுகூட நினைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு துணியை எடுத்துவிட்டு, எதிரில் அவர் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து, நிதானமாக, காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

"போகாதீங்க. எனக்கு நீங்க வீட்டுலயே வேணும்."

அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை.